எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா?

(பழைய மாணவி ஒருவர், பதினோராம் வகுப்பு மாணவியின் தாய்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சகோதரி அவர்கள் என் மகளிடம் சொல்லியனுப்பியபோது, "எனக்கு என்ன தெரியும், எழுத?" என்று தயங்கினேன். நான் எழுத்தாளர் அல்லள். கணிப்பொறி படித்துப் பட்டம் பெற்றவளும் அல்லள். வீட்டைக் கவனித்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் தையல் தைப்பவள். ஆயினும், எங்கள் வீட்டுக் கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றியும் புதுப்பித்தும் இந்த இருபது ஆண்டுகளில் நான் பட்ட பாடு தங்கைகளுக்குப் பாடமாகலாம் என்று தோன்றியது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

1994ஆம் ஆண்டில் நான் இப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோதுதான் முதன்முதலாகக் கணிப்பொறியைக் கண்டேன். அந்த அறைக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மினுக்கும். மூன்று பேருக்கு ஒரு நாற்காலி. எங்களுக்குக் கற்பித்த சகோதரி ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றைத் தவறாமல் சொல்வார்: "பிள்ளைகளே, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேமித்து வையுங்கள். கரண்ட் உங்களிடம் சொல்லிக்கொண்டு போகாது!" நாங்கள் சிரிப்போம். சிரித்த அந்தப் பாடத்தைப் பின்னாளில் அழுதுகொண்டே கற்க நேர்ந்தது.

2004ஆம் ஆண்டில் என் கணவர் ஒரு கணிப்பொறி வாங்கினார். பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கடையில் பூட்டித் தந்த பெட்டி அது. 256 எம்பி நினைவகம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் ஓடியது, 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை: பெட்டியும் திரையும் விசைப்பலகையும் வெறும் வீடு; அந்த வீட்டில் யார் எங்கே இருப்பது, எது எப்போது நடப்பது என்று ஒழுங்கு செய்யும் இல்லத்தரசியே இயங்குதளம். அவள் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

மறு ஆண்டு அம்மா காலமானார். அப்பா எங்களோடு வந்து தங்கினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தபால் இலாகாவில் பணியாற்றிப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். இளமையில் பாளையங்கோட்டையில் தமிழ்த் தட்டச்சு கற்றுத் தேர்வு எழுதியவர். கணிப்பொறியை முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் 'பாமினி' என்னும் எழுத்துருவை என் கணவர் அதில் போட்டுக் காட்டினார். அதன் விசைகள் பழைய தட்டச்சுப் பொறியின் வரிசையையே ஒட்டியவை. அப்பா உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, 'யளனகப' என்று அடித்தார். திரையிலும் அப்படியே வந்தது. தொலைந்துபோன உறவினரைக் கண்டவர்போல அவர் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்று முதல் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தட்டச்சு நடக்கும். தாமிரபரணிக் கரையில் தாம் பிறந்த ஊரைப் பற்றியும், எழுதப் படிக்கத் தெரியாத தம் தாயாரைப் பற்றியும் எழுதத் தொடங்கினார். ஊர்ப் பெண்கள் தபால் நிலையத்துக்கு வந்து, வெளியூரில் இருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதித் தரச் சொல்வார்களாம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவை, சொல்லாமல் விட்டதால் தாமே ஒரு வரி சேர்த்தவை, எல்லாவற்றையும் எழுதினார். 2010ஆம் ஆண்டுக்குள் ஐம்பத்தெட்டுப் பக்கங்கள் சேர்ந்துவிட்டன.

அந்த ஆண்டு நவம்பரில் கணிப்பொறிக்கு நோய் கண்டது. யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் தொற்றிக்கொண்டது. திரை எழும்பும்; உடனே அணையும்; மறுபடி எழும்பும். கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். பார்த்துவிட்டு, "அக்கா, ஃபார்மட் பண்ணி விண்டோஸை மறுபடி போடணும். வேற வழியில்ல. சி டிரைவில் ஏதும் வேணும்னு இருக்கா? அழிஞ்சிரும்" என்றான்.

எங்கள் ஹார்ட் டிஸ்க் சி, டி என்று இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சி அறையில் இயங்குதளம். டி அறையில் நாங்கள் போட்டு வைத்த புகைப்படங்களும் பாட்டுகளும். ஒரு வயதுக் கைக்குழந்தை இடுப்பில் அழுதுகொண்டிருந்தது. ஓய்வூதியத்துக்கான லைஃப் சர்டிபிகேட் கொடுக்க அப்பா வெளியே போயிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "ஒன்றுமில்லை தம்பி, எல்லாம் டி-யில்தான் இருக்கிறது" என்றேன்.

நீலத் திரை வந்தது. அவன் சி அறையை அழித்தான். பிறகு, முடிய இன்னும் 39 நிமிடங்கள் ஆகும் என்று ஒரு திரை காட்டியது. நான் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த 39 நிமிடங்களில் என்ன அழிந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. 'மை டாக்குமெண்ட்ஸ்' என்று ஓர் உறை இருக்கிறதே, எக்ஸ்பியில் நாம் வேறு இடம் காட்டாவிட்டால் எழுதியதெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். அந்த உறை இருந்தது சி அறையில். அப்பா ஒருநாளும் வேறு இடம் காட்டியதில்லை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

மாலையில் அப்பா வந்து பெட்டியைத் திறந்தார். தேடினார். மறுபடி தேடினார். நான் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது, வெறும் திரையின் முன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "பிள்ளை தூங்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். ஊராரின் கடிதங்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர் அவர். அவர் எழுதியதை ஒரே ஒரு பதிலில் தொலைத்தவள் நான்.

அழிந்த கோப்பை மீட்கவும் சில சமயம் வழி உண்டு என்று பின்னாளில் அறிந்தேன். விரைவு முறையில் ஃபார்மட் செய்யும்போது எழுத்துகள் உடனே மறைவதில்லை; எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகிறது. அதன்மேல் புதிதாக ஒன்றும் எழுதாமல் உடனே பெட்டியை அணைத்து, விவரம் அறிந்தவரிடம் கொடுத்தால் ஓரளவு மீட்கலாம். நானோ அதன்மேல் இயங்குதளத்தையே எழுதவிட்டேன். அதன்பின் ஒரு மாதம் பாட்டும் படமுமாக நிரப்பியும் விட்டேன். பிறகு எதைத் தேடுவது?

மூன்று வாரம் கழித்துப் பீரோவில் ஒரு சிடி அகப்பட்டது. 2008இல் என் கணவர் எதற்கோ எடுத்து வைத்த பிரதி. ஆவலோடு போட்டுத் திறந்தேன். திரை முழுவதும் தாறுமாறான ஆங்கில எழுத்துகள்! முதல் சொல்லைப் பார்த்தேன்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இதுவும் கெட்டுப்போயிற்று என்று நெஞ்சம் உடைந்தது. அப்பா பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர், "கெட்டுப்போகலம்மா. அது 'அம்மா'ன்னு இருக்கு" என்றார். விரல்களைக் காற்றில் அசைத்துக் காட்டினார். எம் விசையில் 'அ', கே விசையில் 'ம', அரைப்புள்ளியில் மெய்யின் புள்ளி, எச் விசையில் கால். தட்டச்சு கற்றவர் விரலுக்கு அது தமிழாகவே தெரிந்தது.

இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டபோது எழுத்துருவும் போய்விட்டிருந்தது, காரணம் அவ்வளவுதான். எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பாமினி இருந்தது. அவர்கள் மனமுவந்து பென் டிரைவில் போட்டுத் தந்தார்கள். அதை நிறுவியதும் அத்தனை கோணல் எழுத்துகளும் ஒரு நொடியில் தமிழாக எழுந்து நின்றன. முப்பத்தேழு பக்கங்கள் கிடைத்தன. 2008க்குப் பின் எழுதிய இருபத்தொரு பக்கங்கள் போனவை போனவைதாம்.

"ஆத்துல வெள்ளம் வந்து தபால் பையே போன நாளும் உண்டும்மா. மறுபடி எழுதச் சொல்லுவோம்" என்று அப்பா மறுநாளே உட்கார்ந்தார். ஆனால் கண்ணில் புரை. அறுவைக்குப் பின்னும் நெடுநேரம் திரையைப் பார்க்க இயலவில்லை. நான்கு பக்கங்கள் எழுதினார். 2013இல் இறைவனடி சேர்ந்தார். நாற்பத்தொன்றாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நானோ சூடு கண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அந்த ஆண்டு, ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணிப்பொறியை விண்டோஸ் 7 உடன் வாங்கினோம். பழைய பெட்டியைக் கொடுத்துவிடுமுன் ஒரு வேலையை முடித்தேன். எழுத்துரு போனால் படிக்க முடியாது என்ற நிலையே இருக்கக் கூடாது என்று, நாற்பத்தொரு பக்கங்களையும் யூனிகோடு என்னும் ஒருங்குறிக்கு மாற்றினேன். அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் உலகெங்கும் ஒரே எண். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போடும் வேலை இல்லை. தமிழக அரசும் 2010இல் இதைத் தரமாக ஏற்றது. மாற்றித் தரும் மென்பொருள் இருந்தாலும் அங்கங்கே பிழை விழுந்தது. ஒரு மாதம், இரவு உணவுக்குப் பின், வரி வரியாகத் திருத்தினேன். அப்போதுதான் அப்பா எழுதியதை முதன்முறையாக முழுவதும் படித்தேன் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். அச்சிட்டுக் கட்டி, என் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன்.

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வெளிவந்தது. விண்டோஸ் 7 வைத்திருப்போர் ஓராண்டுக்குள் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். தவணை முடியும் நேரத்தில், 2016 ஜூலையில் ஏற்றினேன். ஏற்றம் வேறு, புதிதாக நிறுவுவது வேறு என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஏற்றம் என்பது வீட்டில் குடியிருந்துகொண்டே வெள்ளையடித்து ஓடு மாற்றுவது போன்றது. சாமான்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிதாக நிறுவுவது இடித்துக் கட்டுவது போன்றது. சாமான்களை முன்னதாகவே வெளியே எடுத்து வைக்க வேண்டும். வெள்ளையடிக்கும்போதும் ஒரு கண்ணாடி உடையலாம் அல்லவா? அதனால் இரண்டுக்குமே முன்னதாகப் பிரதி எடுப்பது நலம். எனக்குக் கோப்புகள் ஒன்றும் போகவில்லை. ஆனால் பழைய ஸ்கேனர் நின்றுவிட்டது. அதை இயக்கும் சிறு நிரல் புதிய இயங்குதளத்துக்கு ஒத்துவரவில்லை. 'டிரைவர்' என்று அதைச் சொல்வார்கள்.

2021இல் பெட்டி மிகவும் தளர்ந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டுப் புதுவகை எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் 10ஐ முதன்முறையாக என் கையாலேயே நிறுவினேன். கை நடுங்கியது உண்மை. ஆனால் தையல் தைப்பவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: இரண்டு முறை அளந்த பிறகுதான் கத்தரி எடுப்போம். பிரதியை இரண்டு இடத்தில் வைத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் தொடங்கினேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. எங்கள் பெட்டியில் இரண்டும் இல்லை. நல்ல நிலையில் ஓடும் பெட்டியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

வழி காட்டியவள், அன்று என் இடுப்பில் அழுத அந்தக் குழந்தைதான். இன்று உங்களோடு பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். "லினக்ஸ் போடலாம் அம்மா" என்றாள். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பல இயங்குதளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் 'லினக்ஸ் மின்ட்' பழைய பெட்டிகளிலும் ஓடக்கூடியது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்தது. கல்யாணத்துக்கு முன் பெண் பார்ப்பது போல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்தோம். பென் டிரைவிலிருந்து கணிப்பொறி எழும்பியது. ஒலி வந்தது, இணையம் வந்தது, ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிய ஸ்கேனரும் விழித்துக்கொண்டது. திருப்திதான். நிறுவும் பகுதிக்குப் போனோம். டிஸ்கை முழுதும் அழித்து நிறுவலாமா என்று கேட்கும் கட்டம் வந்தது. மகள் விரலை விசைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா? இதை அழுத்தினால் எல்லாமே போய்விடும்."

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்வி. எடுத்து வைத்திருந்தேன்தான், முந்தின இரவே வைத்திருந்தேன். ஆனாலும் 'ஆம்' என்று சொல்ல நா எழவில்லை. "கொஞ்சம் பொறு" என்று எழுந்துபோய், பீரோவிலிருந்து வெளிப்புற ஹார்ட் டிஸ்கை எடுத்துவந்து செருகினேன். பென் டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அந்தப் புதிய இயங்குதளத்திலேயே அப்பாவின் கோப்பைத் திறந்தேன். எந்த எழுத்துருவும் போடவில்லை. முதல் சொல் 'அம்மா' என்று தெளிவாக நின்றது. ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி நாற்பத்தொன்று வரை போனேன். அந்தப் பாதி வாக்கியம் அங்கே இருந்தது. பிறகுதான், "இப்போது அழுத்து" என்றேன்.

அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அது ஓடிக்கொண்டிருக்கையில் மகள் கேட்டாள்: "தாத்தா மீதியில் என்ன எழுதியிருந்தார்?" எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். பணம் வந்த ஓலை என்று எண்ணி, வெறும் நலம் விசாரித்த கடிதத்துக்குக் கைநாட்டு வைக்க வந்த கிழவி. மகனிடமிருந்து கடிதமே வராத ஒரு தாய்க்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அப்பா திணறிய ஒரு நாள். அவர் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே இருந்தவை அவை. புதிய இயங்குதளத்தில் அவள் முதலில் செய்த வேலை, நான் சொன்னதைத் தட்டச்சு செய்ததுதான். நாற்பத்திரண்டாம் பக்கம் அப்படித் தொடங்கியது. அப்பாவின் நடை எனக்கு வராது. இருந்தாலும், இதுவரை ஆறு பக்கங்கள் ஆகிவிட்டன.

அன்புத் தங்கைகளே! இயங்குதளம் போனால் மறுபடி போடலாம். பெட்டி போனால் வேறு வாங்கலாம். நாமும் நம்மவரும் எழுதியதும் எடுத்த படமும் எந்தக் கடையிலும் கிடைக்கா. ஆகவே மூன்றை நினைவில் வையுங்கள். முதலாவது, எது எங்கே இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். வீட்டில் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் கேளுங்கள். முக்கியமாகக் கேட்கத் தெரியாத பெரியவர்களைக் கேளுங்கள். இரண்டாவது, பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். மூன்றாவது, எடுத்த பிரதியைத் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, பூட்டிய பெட்டிக்குள் நகை இருக்கிறது என்று நம்புவதைப் போன்றது.

கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது என்றார் என் சகோதரி. கணிப்பொறியோ சில வேளை சொல்லிக்கொண்டுதான் போகிறது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நம் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. அந்த ஒரு நிமிடம் நின்று யோசிக்கும் பொறுமை நம் எல்லோருக்கும் வாய்க்கட்டும்.